அவசரம் இல்லாத ஆபரேஷன்

போன வாரம் எங்க விட்டேன்? தன மாமா மிக்சர் பாக்கெட்டோட எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரே, அந்த எடத்துல.

மெதுவாத் தான் ரெக்கார்ட் பண்ணணும். கௌசிகா அக்கா பக்கத்துல தூங்கிக்கினு இருக்கா. போன் வெளிச்சம் மூஞ்சில பட்டா எழுந்து உதைப்பா.

புதுசா வந்தவங்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிடறேன். நான் பவன்குமார். இன்டர் மொதல் வருஷம், அதாவது நம்ம ஊரு ப்ளஸ் ஒன். இங்க அத காலேஜுன்னு தான் சொல்றாங்க. போன வருஷம் வரைக்கும் நாங்க சோளிங்கர்ல இருந்தோம். அம்மாவோட தம்பி தன மாமா சித்தூர்ல மாம்பழக் கூழு ஃபேக்டரில சூப்பர்வைசர். அவரு தான் எங்க நைனாவுக்கும் அங்கயே வேல பாத்துக் குடுத்து எங்கள இங்க கூட்டியாந்தாரு.

எனக்கு இன்னா பிரச்சனன்னா, உயரம் மட்டும் ஏறிக்கினே போவுது. காலு ரெண்டும் கொக்கு காலு. மீச வரல. கொரல் ஒடையல. சிலிண்டர் போடறவரு போன்ல என்ன "மேடம்"னு தான் கூப்புடறாரு. அதோட நெஞ்சுல சத புடிச்சு பொம்பளைங்களுக்கு இருக்கற மாதிரி இருக்கு. அத மறைக்க வெயில்லயும் ரெண்டு பனியன் போட்டுக்கினு திரியறேன்.

அம்மா அதப் பாத்துட்டு தான் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போச்சு. பத்மாவதி டாக்டர் ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. போன் நம்பர் கேட்டப்ப மாமா நம்பரத் தான் குடுத்தோம். எங்க குடும்பத்துலயே ஒழுங்கா தெலுங்கு வர்றது அவருக்கு மட்டும் தான்.

வந்த வினையே அங்க தான்.

"மாப்ள! டாக்டரம்மா போன் பண்ணாங்க!" மாமா செருப்பக் கூட கழட்டல. "எல்லா ஆம்பளைக்கும் எக்ஸ் ஒய். உனக்கு மட்டும் எக்ஸ் எக்ஸ் ஒய். ஒரு எக்ஸு கூட இருக்குதாம். அதுக்குப் பேரு… க்ளீன் ஃபில்டரோ இன்னாவோ."

"க்ளீன் ஃபில்டரா?"ன்னாரு நைனா.

"நம்ப ஃபேக்டரில வாரா வாரம் பண்றோமே மாமா, அந்த மாதிரி ஒரு பேரு. பயப்பட ஒண்ணுமே இல்ல. ஆபரேஷன் அவசரம் இல்லன்னு தெளிவா சொல்லிட்டாங்க. ட்ரீட்மெண்ட் தான் அவசரம். அடுத்த வாரம் புதன்கெழம வரச் சொன்னாங்க."

சொல்லிட்டு மிக்சரப் பிரிச்சாரு. அவரே பாதி துன்னாரு. ஷிஃப்டுக்கு டைம் ஆச்சுன்னு பைக்க எடுத்துக்கினு போயிட்டாரு.

நாங்க நாலு பேரும் அந்த மிக்சரப் பாத்துக்கினே உக்காந்திருந்தோம்.

"ஆபரேஷனா?"ன்னுச்சு அம்மா.

"அவசரம் இல்லன்னு தானே சொன்னாங்க, சுமித்ரா"ன்னாரு நைனா. "பரிட்ச முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அன்னிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. எங்க வீட்டுல செவ்வாக்கெழம கவிச்சியே கெடையாது. இந்தச் செவ்வாக்கெழம அம்மா எனக்கு மட்டும் மீனு வறுத்துக் குடுத்துச்சு. வெட்டப் போற ஆட்டுக்கு மால போட்ட மாதிரி இருந்துச்சு.

புதன்கெழம காலைல கெளம்பும்போது அக்காவ மாடிப்படிகிட்ட இழுத்துக்கினு போய் கேட்டேன்.

"அக்கா, எக்ஸ் எக்ஸ்னா பொண்ணு தானே? பத்தாவதுல படிச்சோமே. அப்ப அந்த ஆபரேஷன் எதுக்கு? என்ன பொண்ணா மாத்தறதுக்கா?"

"மாத்தினா இன்னா? பொண்ணுன்னா அவ்ளோ கேவலமாடா உனக்கு? பாத்திரம் தேய்க்கணும்னு தானே பயப்படற?"

அப்புறம் என் மூஞ்சப் பாத்தா. கொரல எறக்கிட்டா.

"அழுவாத, எரும. எனக்கும் தெரியல. நெட்டுல பாத்தியா?"

"பாத்தேன். ஒரு ஆளு பச்சப் பூண்டு துன்னச் சொல்றாரு."

"நானும் பாத்தேன்டா. எல்லாருக்கும் குரோமோசோம் நாப்பத்தாறாம். உனக்கு நாப்பத்தேழு. சில்லற இல்லன்னு கடைக்காரன் சாக்லேட்டு குடுப்பான் இல்ல, அப்பிடின்னு வெச்சிக்க."

சிரிப்பு வந்துடுச்சு.

பஸ்ல நைனா ஜன்னல் ஓரம், நான் நடுவுல, மாமா இந்தப் பக்கம். மாமா நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா வந்திருந்தாரு. சட்டையில மாம்பழ வாசன. வாய் மட்டும் ஓயல.

"ஏன் மாமா ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போற மாதிரி வர்றீங்க? அதான் அவசரம் இல்லன்னு சொல்லிட்டாங்களே!"

காணிப்பாக்கத்துக்குத் திரும்பற ரோடு வந்துச்சு. நைனா கையெடுத்து கும்புட்டாரு. கும்புட்ட கைய எறக்காம மாமாவப் பாத்து கேட்டாரு.

"மச்சான், உண்மையச் சொல்லு. நாங்க பயந்துக்குவோம்னு எதுனா மாத்திச் சொல்றியா?"

"ஐய, நான் ஏன் மாமா மாத்தப் போறேன்?"

"அந்தப் புள்ளையார் மேல சத்தியமா சொல்லு."

காணிப்பாக்கத்துப் புள்ளையார் பேர்ல பொய் சத்தியம் பண்ண இந்தப் பக்கம் எவனுக்கும் தைரியம் வராது. மாமா யோசிக்கவே இல்ல. நெஞ்சுல கை வெச்சாரு.

"வரசித்தி விநாயகர் மேல சத்தியமா, ஆபரேஷன் அவசரம் இல்லன்னு தான் சொன்னாங்க. போதுமா?"

போச்சுடா. அப்ப ஆபரேஷன் உறுதி. என்னிக்குன்றது தான் பாக்கி.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுல எறங்கினதும் ஒரு யோசன வந்துச்சு. பாக்குற எடமெல்லாம் மொட்டத் தலைங்க. நானும் மலைக்குப் போயி ஒரு மொட்டையப் போட்டுக்கினு இந்தக் கூட்டத்துல கலந்துட்டா எங்க நைனாவாலயே கண்டுபுடிக்க முடியாது. மாமா டீக்கடைக்குப் போனாரு. நைனா ஆட்டோக்காரர்கிட்ட பேசிக்கினு இருந்தாரு. நான் மெதுவா நகந்தேன். திருமல பஸ்ஸு லைன்ல போய் நின்னுட்டேன்.

எனக்கு முன்னாடி ஒரு குடும்பம், பின்னாடி ஒரு குடும்பம். எல்லாரும் என் தோளு உயரம். கூட்டத்துல கரண்டு கம்பம் நட்ட மாதிரி நான் மட்டும் தனியா தெரியறேன்னு எனக்கு அப்போ தோணவே இல்ல.

நைனா நேரா வந்து பக்கத்துல நின்னாரு. திட்டல.

"மலைக்குப் போவணுமா?"

"ம்."

"நானும் மனசுக்குள்ள வேண்டிக்கினு தான் வரேன்டா. மொதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் சாமி." என் கையப் புடிச்சாரு. நான் ஓடப் பாத்தேன்னு அவருக்குத் தெரியல. தெரிஞ்சும் சாமி கும்புடப் போனதா வெச்சிக்கினாரோ இன்னாவோ. அவரு கை சில்லுனு இருந்துச்சு.

ஆஸ்பத்திரில எங்க டோக்கன் வர்றதுக்கும் மாமா போன் அடிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. ஃபேக்டரில பாய்லரு நின்னுடுச்சாம். அவரு போனத் தூக்கிக்கினு வெளிய போயிட்டாரு. நைனாவும் நானும் மட்டும் உள்ள போனோம்.

பத்மாவதி டாக்டருக்கு தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. நைனாவுக்கு தெலுங்கு புரியவும் புரியாது, பேசவும் வராது. உக்காரச் சொன்னாங்க. நைனா உக்காரல.

"மேடம், பையனுக்கு மார்ச்சுல பரிட்ச. அது முடிஞ்சப்புறம் ஆபரேஷன வெச்சிக்கலாமா மேடம்?"

டாக்டர் கண்ணாடியக் கழட்டினாங்க. "ஏ ஆபரேஷன்?"

எந்த ஆபரேஷன்னு கேக்குறாங்கன்னு எனக்கே புரிஞ்சுது.

"பையனுக்கு மேடம். நீங்க சொன்னீங்களே."

"ஆபரேஷன் அவசரம் லேது அனி செப்பானு கதா!"

"ஆமா மேடம். அவசரம் இல்லன்னு சொன்னீங்க. அதனால தான் மார்ச்சுக்கு மேல கேக்குறேன்."

"மார்ச்லோ கூட அவசரம் லேது."

"அப்ப ஏப்ரல்ல?"

"அவசரமே லேதண்டி!"

"சரிங்க மேடம், நாங்களும் அவசரப்படல. நீங்களே பாத்து ஒரு நல்ல தேதியா சொல்லுங்க."

டாக்டர் நைனாவப் பாத்தாங்க. என்னப் பாத்தாங்க. மூலைல நின்ன நர்ஸம்மா செவுத்துப் பக்கமா திரும்பிக்கினாங்க. முதுகு குலுங்கிச்சு.

எனக்கு அதுக்கு மேல தாங்கல.

"மேடம், என்ன பொண்ணா மாத்தாதீங்க மேடம்!"

என் கொரலு தான் தெரியுமே. ரூமு பூரா விசிலடிச்ச மாதிரி கேட்டுச்சு. நர்ஸம்மா சிரிப்பு அப்பிடியே நின்னுடுச்சு. நைனா என்னத் திரும்பிப் பாத்தாரு. இத்தன நாளா நான் எதுக்கு பயந்துக்கினு இருந்தேன்னு அவருக்கு அப்போ தான் தெரியும்.

கதவத் தள்ளிக்கினு மாமா வந்தாரு. "இன்னா மாப்ள சத்தம்?"

"ஆபரேஷன் எப்போன்னு கேட்டா தேதி சொல்ல மாட்டேங்கறாங்க, மச்சான்."

"எந்த ஆபரேஷன்? அதான் அவசரம் இல்லன்னுட்டாங்களே!"

"அவசரம் இல்லன்னா என்னிக்கினா ஒரு நாளு பண்ணித் தானே ஆவணும்?"

"ஏன் பண்ணணும்? அவசரம் தான் இல்லியே! தேவையே இல்லாத ஒண்ண எதுக்கு மாமா…"

மாமா நின்னுட்டாரு. வாய் தொறந்தபடியே இருந்துச்சு. கை மெதுவா நெத்திக்குப் போச்சு.

"ஐயையோ."

"இன்னாடா?"

"மாமா… தெலுங்குல அவசரம்னா தேவைன்னு அர்த்தம். ஆபரேஷன் தேவ இல்ல. ட்ரீட்மெண்ட் தேவ. அத தான் நான் சொன்னேன். இத்தன வருஷமா இங்கயே பேசிப் பேசி எது தமிழு எது தெலுங்குன்னே எனக்கு மறந்து போச்சு."

நைனா நாக்காலியப் புடிச்சிக்கினு உக்காந்தாரு.

"அப்ப நம்ப அவசரத்துக்கு இவங்க பாஷையில இன்னா?"

"தொந்தர."

"நீ தான்டா எங்களுக்குத் தொந்தரவு!"

மொதல்ல சிரிச்சது டாக்டரம்மா தான். அப்புறம் எல்லாரும். நைனா சிரிச்சிக்கினே கண்ணத் தொடச்சிக்கினாரு. நான் பத்து நாளு கழிச்சு முழு மூச்சு விட்டேன்.

அதுக்கப்புறம் டாக்டர் பொறுமையா சொன்னாங்க, மாமா தமிழாக்கினாரு. ஒவ்வொரு வார்த்தைக்கும் நைனா நிறுத்தி, "இது எந்த ஊரு அர்த்தம்?"னு கேட்டுக்கினே இருந்தாரு.

அதுக்குப் பேரு க்ளைன்ஃபெல்டர். க்ளீனும் இல்ல, ஃபில்டரும் இல்ல. அறுநூறு எழுநூறு ஆம்பளைங்கள்ல ஒருத்தருக்கு இருக்குமாம். பல பேரு தனக்கு இருக்கறதே தெரியாம காலத்த ஓட்டிடறாங்களாம். அப்பிடின்னா எங்க காலேஜுலயே இன்னொருத்தன் இருக்கலாம். நாளைக்குப் போயி யாரு யாருக்கு கொக்கு காலுன்னு பாக்கணும்.

"நான் பையன் தானே மேடம்?"னு நானே கேட்டேன்.

"ஒய் இருக்கு இல்ல? நீ பையன் தான். எக்ஸு ஒண்ணு கூட இருக்கறதால அது மாறாது"ன்னாங்க. ஆம்பளைங்களுக்கு சொரக்கற டெஸ்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் எனக்குக் கம்மியாம். அத ஊசியா போடுவாங்களாம். அப்பப்ப ரத்தம் பாத்து அளவ ஏத்தி எறக்குவாங்களாம். மீச வரும், கொரல் ஒடையும், எலும்புக்கு பலம், ஒடம்புக்குத் தெம்பு. நெஞ்சுச் சத மட்டும் ஊசியில பெருசா கொறையாதாம். பெரியவனானப்புறம் அது எனக்குக் கஷ்டமா இருந்தா எடுத்துக்கலாம், இல்லன்னா விட்டுடலாம். அது என் இஷ்டம்.

நைனா ரொம்ப நேரமா ஒண்ணக் கேக்காம வெச்சிருந்தாரு.

"மேடம், இது யாரு வழியில வந்துது? என் பக்கமா, அவங்கம்மா பக்கமா?"

டாக்டர் தலையாட்டினாங்க. "அப்பளக் கட்டுலேர்ந்து ஒண்ணு எடுப்பீங்க. ரெண்டு ஒட்டிக்கினு வரும். அப்பளம் போட்டவங்க மேல தப்பா, எடுத்தவங்க மேல தப்பா? கரு உருவாவும்போது ஒரு எக்ஸு ஒட்டிக்கினு வந்துடுச்சு. அவ்ளோ தான். யாரும் எதுவும் பண்ணல."

நைனா அத ரெண்டு வாட்டி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கினாரு. ரெண்டாவது வாட்டி அம்மாவுக்காகன்னு எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒடம்ப பாக்கணும்னு அவங்க ரெண்டு பேரையும் வெளிய இருக்கச் சொன்னாங்க. பாத்து முடிச்சதும் டாக்டர் நாக்காலிய கிட்ட இழுத்துப் போட்டு இங்கிலீஷ்ல மெதுவா ஒண்ணு சொன்னாங்க. அத அப்புறம் சொல்றேன். "உங்க நைனாகிட்ட நான் சொல்லட்டுமா?"ன்னு கேட்டாங்க. "இல்ல மேடம், நானே சொல்றேன்"னேன். ஏன் அப்பிடிச் சொன்னேன்னு தெரியல.

வெளிய வந்தா நைனா ஸ்பீக்கர்ல போட்டு அம்மாகிட்ட பேசிக்கினு இருந்தாரு. காரிடார் பூரா எங்க அம்மா கொரலு.

"டேய் தனா! பேசினா தமிழ்ல பேசு, இல்ல தெலுங்குல பேசு. ரெண்டையும் கலக்கி ஏன்டா என் வயித்துல புளியக் கரைக்கற? இனிமே என் வீட்டுல உனக்கு மீனு கெடையாது!"

"அக்கா, நான் சத்தியமா தான்…"

"இன்னொரு வாட்டி சத்தியம் பண்ணே, அவ்ளோ தான்!"

நைனா சிரிச்ச சிரிப்ப நான் சோளிங்கர்ல கூட பாத்தது இல்ல. பஸ் ஸ்டாண்டுக்கு வர்ற வழியில ஒரு கடையில நிறுத்தி எனக்கு ஷேவிங் செட்டு வாங்கினாரு. பிரஷ்ஷு, க்ரீமு, எல்லாம்.

"நைனா, மீசயே இன்னும் வரல."

"வரப் போவுது இல்ல? வர்றப்ப கடையத் தேடிக்கினு ஓடுவியா?"

பஸ்ல மாமா தூங்கிட்டாரு, தல என் தோள்ல. நைனா பேசிக்கினே வந்தாரு. காலைல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத மனுஷன். எனக்கு மொதல் சம்பளத்துல இன்னா வாங்கலாம், எந்த ஊருல வேல, அப்பிடியே போயி கல்யாணத்துக்கு வந்துட்டாரு.

"உனக்கு ஒரு புள்ள பொறந்ததும் நான் தோள்ல தூக்கி வெச்சிக்கினு அடிவாரத்துல அலிபிரிலேர்ந்து நடந்தே மல ஏறுவேன்டா. இன்னிக்கு அந்த லைன்ல உன்னப் பாத்தேன் பாரு, அப்போ வேண்டிக்கினேன்."

நான் ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கினு வந்தேன்.

டாக்டர் என்கிட்ட தனியா சொன்னது அதப் பத்தி தான். என்ன மாதிரி இருக்கறவங்களுக்கு ஸ்பெர்ம் ரொம்பக் கம்மியா இருக்குமாம். பல பேருக்கு இருக்கவே இருக்காதாம். சில பேருக்கு தேடிப் பாத்தா கெடைக்குமாம், எடுத்து பத்திரமா வெச்சிக்கலாமாம். அதனால ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதுக்குன்னு இருக்கற ஒரு டாக்டரப் பாத்துடணும். இல்லன்னாலும் வாழ்க்க ஒண்ணும் நின்னுடாது, நெறைய வழி இருக்குன்னாங்க. ஆனா வீட்டுல பேசிட்டு சனிக்கெழம நைனாவோட வரணும்.

இருக்குமா, இருக்காதா? அவங்களுக்கே தெரியாது. எனக்கு எப்பிடித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அக்காகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். அம்மா சிரிச்சிக்கினே சோறு போட்டுச்சு, அந்த நேரத்துல வாய் வரல. நைனா சட்டையக் கழட்டாமயே பக்கத்து வீட்டுல போயி அப்பளக் கதையச் சொல்லிட்டு வந்தாரு. ராத்திரி ஆயிடுச்சு. உங்ககிட்ட தான் மொதல்ல சொல்றேன்.

சொல்லிப் பாத்ததுல ஒண்ணு தெரிஞ்சுது. சொன்னா ஒண்ணும் ஆவல. நீங்களும் ஓடிப் போவல.

கூடத்துல பாயி சரசரங்குது. ஃபேக்டரில காலைல ஷிஃப்டு இருந்தும் நைனாவுக்கு இன்னும் தூக்கம் வரல போல. சந்தோஷத்துல வராதது. அத நான் கெடுக்கப் போறேனா, இல்ல சொல்லிட்டு அதுல பாதிய நானும் வாங்கிக்கப் போறேனா?

போன ஆஃப் பண்ணாம கையிலயே வெச்சிக்கினு எழுந்தேன். அக்கா ஒரு உத விட்டா, தூக்கத்துல. கதவுகிட்ட போயி நின்னேன்.

"நைனா, முழிச்சிக்கினு இருக்கியா?"

"கீறேன்டா. வா, இப்பிடி வந்து படு. இன்னா?"

அவரு நகந்து பாயில எடம் விட்டாரு. என் காலு ரெண்டும் தரைக்கு வந்துடும்னு தெரியும். போய் படுத்துக்கினேன்.

"நைனா… டாக்டர் என்கிட்ட தனியா ஒண்ணு சொன்னாங்க."